காலி இடம் எத்தனை? கல்லைக் கேளுங்கள்!

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்கள். காந்தி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, பில்லும் போட்டாயிற்று. இன்னும் பொழுது இருக்கிறதா? அப்படியே செங்கல்பட்டு ரோட்டைப் பிடித்து, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடல் வரை ஒரு நடை போய் வாருங்கள். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்லூரியின் நோட்டீஸ் போர்டு இருக்கிறது. வயது கிட்டத்தட்ட 950!

வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ரிக் வேத ஆசிரியருக்கு வருஷத்துக்கு 60 கலம் நெல், 4 காசு. யஜுர் வேத ஆசிரியருக்கும் அதே. இலக்கண ஆசிரியருக்கோ 120 கலம், 10 காசு. பக்கத்திலேயே 15 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி. அதன் வைத்தியருக்கு 90 கலம், 8 காசு. ஆமாம், டாக்டரைவிட இலக்கண வாத்தியாருக்குச் சம்பளம் ஜாஸ்தி! யார் எந்த கிரேடு என்பதில் ரகசியமே கிடையாது. கோயிலுக்கு வருகிறவன் எவனும் படித்துக்கொள்ளலாம்.

காஞ்சி வட்டாரத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. பல்லவர் காலத்தில் இங்கே இருந்த உயர்கல்வி நிலையத்துக்குக் 'கடிகை' என்று பெயர். நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்கிற இளைஞர், குரு வீரசர்மனோடு கர்நாடகத்திலிருந்து கிளம்பி வந்தார். இருக்கிற படிப்புக்கு மேல் படிக்க. இன்றைய பாஷையில் சொன்னால், பிஎச்.டி. பண்ண! வந்த இடத்தில் ஒரு பல்லவக் குதிரை வீரனோடு தகராறு. அவமானம் தாங்காமல் தர்ப்பையைக் கீழே போட்டுவிட்டு வாளை எடுத்தார். கடைசியில் கதம்ப வம்சத்தையே நிறுவினார். தாளகுந்தா கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. படிக்க வந்தவனை மரியாதையாக நடத்தாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்.

கடிகை ஆசிரியர்களின் அந்தஸ்தும் லேசுப்பட்டதல்ல. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ சிம்மாசனம் காலியானபோது, இரண்டாம் நந்திவர்மனை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தவர்களில் கடிகையாரும் உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயிலில் சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது.

சரி, அட்மிஷன் எப்படி நடந்தது?

இதே காஞ்சிக்காரரான தர்மபாலர் பிற்பாடு தலைமை வகித்த இடம் நாளந்தா. அங்கே வாசலிலேயே பரீட்சை. காவலர் கேட்கிற கேள்விகளில் பத்துப் பேருக்கு ஏழெட்டுப் பேர் திரும்பிப் போனார்கள் என்று எழுதுகிறார் யுவான் சுவாங். தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், 866-ல் ஆய் மன்னர் கருநந்தடக்கன் ஒரு சாலை வைத்தார். சாலை என்றால் ரோடு இல்லை, உண்டு உறைந்து படிக்கும் இடம். சரியாக 95 சீட். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை என்று செப்பேட்டிலேயே பங்கு பிரித்தாயிற்று. சேர வேண்டுமானால் இலக்கணம் தெரிய வேண்டும், புரோகிதம் தெரிய வேண்டும், மூன்று ராஜ்ஜியங்களின் நிர்வாக நடைமுறையும் தெரிய வேண்டும். ஆயுதத்தோடு சபைக்கு வரக்கூடாது.

ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர், 14 ஆசிரியர். சின்னவர்களுக்கு நாளைக்கு 6 நாழி நெல், மேல்படிப்புக்காரர்களுக்கு 10 நாழி. ஸ்காலர்ஷிப்! 1048-ல் திரிபுவனையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் வேலை பார்க்க வேண்டியதில்லை என்று விலக்கே கொடுத்துவிட்டார்கள். தேர்தல் டூட்டிக்கும் கணக்கெடுப்புக்கும் அலைகிற இன்றைய வாத்தியார்கள் பெருமூச்சு விடலாம்.

பொற்காலம் என்று கைதட்டிவிடாதீர்கள். இத்தனை சீட்டும் யாருக்கு? வேதம் ஓதப் பிறந்தவர்களுக்கு மட்டும். நெல் விளைவித்தவனுக்கு ஒரு சீட்டு இல்லை. பட்டு நெய்தவனுக்கும் இல்லை. திருமுக்கூடல் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கப் பெண்கள் இருந்தார்கள். பாடசாலையில் ஒரு மாணவிகூட இல்லை. விதி எல்லோர் கண்ணிலும் பட்டது. வாசல்தான் எல்லோருக்கும் திறக்கவில்லை.

வாசலை அகலப்படுத்த ஆயிரம் வருஷம் பிடித்தது. மதராஸ் மாகாணத்து காலேஜ் அட்மிஷனுக்கான கம்யூனல் ஜி.ஓ., செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் அடிபட்டது. அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்கு இடம் ஒதுக்க வழி செய்தது.

இப்போது நோட்டீஸ் போர்டு என்ன சொல்கிறது? யு.ஜி.சி. 2022-ல் போட்ட விதிப்படி ஒரு பேராசிரியர் 8 ஆய்வாளர்களுக்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. நுழைவுத் தேர்வு வைத்தால் அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. எத்தனை இடம், எந்தப் பாடத்தில், எப்படித் தேர்வு என்று முன்கூட்டியே வெப்சைட்டில் போட வேண்டும். நல்ல விதி. கல்வெட்டின் பேரப்பிள்ளை!

பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறி. அப்பா பாவு ஓட்டுகிறார். எம்.ஏ. முடித்த மகள் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி வாசல் திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பேராசிரியரிடம் இடம் காலி என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த 30 சதவீதத்தில் தனக்கு எவ்வளவு விழுந்தது, ஏன் விழுந்தது என்று யாரிடம் கேட்பாள்? 'சாரைத் தெரியுமா?' என்பதுதான் பல துறைகளில் எழுதாத விதி. சாரைத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நோட்டீஸ் போர்டே தேவையில்லை. தறிக்காரர் மகளுக்கு அதை விட்டால் வேறு துணையில்லை.

சோழர் காலத்து வாசல் நமக்கு வேண்டாம். அந்தச் சுவர் வேண்டும். சீட்டு இவ்வளவு, தகுதி இது, சம்பளம் இது என்று ஊரறியச் சொல்லிவிட்டால், பிறகு மாற்றிப் பேசுவது கஷ்டம்.

அடுத்த முறை பட்டு எடுக்கப் போனால், மறக்காமல் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.