வீங்குகிற நூல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரப் பக்கம் போய்க் கரை கடந்த மறுவாரம், கும்மிடிப்பூண்டியில் என் கடை வாசலுக்கு முதலில் வந்தது ஒரு துணி டாப் ஜீப். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பையன் ஓட்டி வந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

"அண்ணா, உள்ள மீன் வளக்கலாம். கியர் ராடு மேலயே சொட்டுது. தையல் பூரா சிலிக்கான் வெச்சுட்டேன், அப்பவும் நிக்கல."

பார்த்தேன். பிறந்தநாள் கேக்குக்கு கிரீம் வைத்த மாதிரி ஒவ்வொரு தையலின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பிதுக்கியிருந்தான். என் அப்பா, நைனா, உயிரோடு இருந்திருந்தால் அந்த வண்டியைத் தொட்டிருக்க மாட்டார். "சாயங்காலம் வா தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

நைனா இந்த ஜி.என்.டி. ரோட்டு ஓரத்தில் 1968இல் தகரக் கொட்டகை போட்டார். அப்போது சிப்காட் கிடையாது. எளாவூர் சோதனைச்சாவடியில் நின்று போகிற லாரிகளின் தார்ப்பாய் கிழிசல்தான் சோறு போட்டது. ஜீப் படுதாவும் கார் ஹூடும் அவர் ஆசைக்குச் செய்தவை. நாங்கள் இன்று டாப் என்பதை அவர் படுதா என்பார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் கித்தான் என்று மட்டுமே சொல்வாராம். கித்தான் கப்பல் பாய்க்கான துணியின் பெயர். தார்ப்பாய் வேறு கதை: வெள்ளைக்காரன் சொன்ன 'டார்பாலின்' நம் வாயில் விழுந்து, தார் பூசிய பாய் என்று தானே ஒரு பொருளைத் தேடிக்கொண்டது. இவ்வளவு பொருத்தமாக மாட்டிய இரவல் சொல் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

கூண்டு வண்டி பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் அடிப்படை தெரியும். மூங்கிலை வளைத்து, அதன் மேல் பாயை ஏற்றி, கயிற்றால் கட்டுவார்கள். உச்சியில் ஓட்டை போட மாட்டார்கள். மேல் பாய் கீழ்ப் பாயின் மேல் ஒரு சாண் ஏறி நிற்கும், ஓட்டு வீடு மாதிரி. தண்ணீர் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, வழிந்து போய்விட வேண்டும். பொன்னேரிப் பக்கம் இருந்து வந்த கூண்டுகளை நைனா சின்ன வயதில் பார்த்தவர். மவுண்ட் ரோடு பட்டறையில் தான் கற்றதில் பாதி அந்தக் கூண்டுகளைப் பார்த்தே தனக்குத் தெரிந்திருந்தது என்பார்.

மவுண்ட் ரோட்டுக்கு இந்த வேலை குதிரை வண்டியோடு வந்தது. சிம்சன் கம்பெனி 1840இல் மதராஸில் சேணமும் வண்டியும் செய்கிற கடையாகத் தொடங்கியது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். அந்தக் காலத்துக் கார் எல்லாமே திறந்த கார்தான். இழுத்து மூட மடிப்பு ஹூடு ஒன்று பின்னால் கிடக்கும், அவ்வளவே. அமெரிக்காவிலேயே மூடிய கார்கள் திறந்தவற்றை விஞ்சியது 1920களின் நடுவில்தான். ஆக, குதிரை வண்டிக்குத் தோல் மூடி தைத்த கைகளே மோட்டாருக்கும் தைத்தன. நைனா பதினைந்து வயதில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், அப்படி ஒரு பட்டறையில் நூலுக்கு மெழுகு தேய்க்கிற பையனாகச் சேர்ந்தார்.

அந்த மெழுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒழுகல் என்பதே அங்கேதான் இருக்கிறது.

துணி ஒழுகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நல்ல பருத்திக் கித்தான் ஒழுகாது. முதல் மழையில் கொஞ்சம் கசியும். நனைந்ததும் இழைகள் உப்பி, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதனால் நைனா புதுப் படுதா தைத்ததும் அதை மூன்று முறை நனைத்துக் காயப்போட்டுத்தான் கொடுப்பார். நனைந்த கித்தானை உள்ளேயிருந்து விரலால் தொட்டால் மட்டும் தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும். ஜீப்பில் ஏறும் போலீஸ்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

ஓட்டை என்பது ஊசி போட்டது. ஒரு ஜீப் டாப்பில் எத்தனை ஆயிரம் ஊசித் துளை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் தைக்கவே மனம் வராது. கிளாஸ்கோவில் சார்லஸ் மேக்கின்டாஷ் 1823இல் இரண்டு துணிக்கு நடுவே ரப்பர் வைத்து, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஒழுகவில்லை. தையல்காரர்கள் அதில் கோட்டு தைத்ததும் ஊசித் துளை வழியாக மழை உள்ளே வந்தது. கெட்ட பெயர் துணிக்கு. கடைசியில் அவர் கம்பெனியே கோட்டும் தைக்க இறங்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருநூறு வருடமாக வாடிக்கையாளர் வந்து சொல்லும் புகார் ஒன்றேதான்.

பருத்தி நூலால் தைத்தால் அந்தத் துளைக்கு மருந்து நூலிலேயே இருக்கிறது. மழை பட்டதும் நூலும் வீங்கும், தன் துளையைத் தானே அடைக்கும். தேன்மெழுகு தேய்த்தால் நூல் அழுகாது, ஊசி வழுக்கிப் போகும், மிச்சமிருக்கிற சந்தையும் மெழுகு மூடும். நைனாவின் மெழுகு உருண்டை கருத்துப்போய், நூல் அறுத்த தடங்களோடு தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். அதை நான் வைத்திருக்கிறேன்.

துணிக்கும் வைத்தியம் உண்டு. முதலில் சோப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்து, பிறகு படிகாரத் தண்ணீரில் முக்குவோம். இரண்டும் சேர்ந்து இழைக்குள் கரையாத ஒரு பிசுபிசுப்பாக உறைந்துவிடும்; தண்ணீர் உருண்டு ஓடும். ஆளி விதை எண்ணெய் பூசுகிற முறையும் இருந்தது. நாங்கள் அதை ஒரு முறையோடு விட்டோம். எண்ணெய் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தேன், ராத்திரி அவை தாமே சூடேறிப் புகைந்தன. நெருப்புப் பொறி எதுவும் வேண்டாம், ஆளி எண்ணெய்க் கந்தலுக்குக் குவிந்து கிடந்தாலே போதும். அம்மா புகை வாசனைக்கு எழுந்திராவிட்டால் கொட்டகை போயிருக்கும்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ், போர்டு ஜீப்புகள் ஊருக்குள் வந்தன. ஆவடியில் பெரிய ராணுவக் கிடங்கு இருந்ததால் எங்கள் வட்டாரத்துக்கு டிஸ்போசல் சாமான் புதிதில்லை. பின்னால் மகிந்திரா 1947 முதல் பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கியது. ஜீப்பின் படுதாவைப் போல நேர்மையான மூடி வேறில்லை. இரண்டு வில், ஒரு துணி, வார், பக்கிள். கதவே இல்லாத வண்டிக்கு ஒழுகல் என்று புகார் சொல்ல எவனுக்கும் வாய் வராது. சாரல் அடிக்கும், நனைவார்கள், போவார்கள்.

தேர்தல் வந்தால் எங்களுக்குத் தலைகீழ் வேலை. வருஷம் முழுதும் மாடாக உழைத்துத் தைத்த டாப்பைக் கழற்றி வைப்போம். வேட்பாளர் நின்று கும்பிட வேண்டுமே. வாக்கு எண்ணிய மறுநாள் ஜெயித்தவர் ஆள் வந்து மாட்டிக்கொண்டு போவார். தோற்றவர் டாப்புகள் சில வருஷக்கணக்கில் பரணில் கிடந்திருக்கின்றன.

நைனாவை நிஜமாகவே தோற்கடித்தது ஒரு ஹெரால்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் தயாரானது. அதற்குச் சேஸிஸ் தனி, கூரை போல்ட்டில் நிற்பது. கூரையைக் கழற்றிவிட்டுத் துணி போட்டால் சினிமாக் கார் ஆகிவிடும் என்று யாரோ ஒருவர் பொன்னேரி அரிசி மில் முதலாளி ஒருவருக்கு ஆசை காட்டி, வெட்டியும் கொடுத்துவிட்டார். கதவுக் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது. கண்ணாடி விளிம்பு நேராகத் துணியின் பீடிங்கில் போய் முட்ட வேண்டும். நெல்லு மூட்டை மாதிரி பீடிங் தடிமனாக இருந்தால் கதவு சாத்தாது, மெலிந்தால் மழை. மூன்று மழைக்காலம் நைனா அதோடு மல்லுக்கட்டினார். என்னை உள்ளே உட்கார வைத்து டார்ச் கொடுப்பார். கறுப்பு உள்துணியில் தையல் ஓரமாக விபூதி தூவி, வெளியே சொம்பால் ஊற்றுவார். கீழேயிருந்து தொடங்கி மேலே போவார். மேலிருந்து ஊற்றினால் எது எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. விபூதியில் தண்ணீர் போன கோடு கறுப்பாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் வாசல் கிடைக்கும். சொட்டுகிற இடத்துக்கும் புகுகிற இடத்துக்கும் சில சமயம் மூன்று அடி தூரம்; தண்ணீர் வில்லின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே நடந்து, வளைவு வந்ததும் விழும்.

கடைசியில் நைனா சொன்னார்: "மொதலாளி, வெயிலுக்கு இது இருக்கட்டும். மழைக்கு வேற வண்டி பாத்துக்குங்க."

ரெக்சின் வந்தபோது கித்தான் போனது. ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஹைடு ஊர்க் கம்பெனி ஒன்றின் பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோசும் கற்பூர எண்ணெயும் பூசி, தோல் மாதிரி ரேகை அழுத்துவார்கள். பழைய சினிமாச் சுருளும், அந்நாள் ஹூடுகளின் மஞ்சளித்துப்போகும் பின் ஜன்னலும் அதே குடும்பம். பிறகு பி.வி.சி. வந்தும் ரெக்சின் என்ற பெயர் மட்டும் நின்றது. இது இழை வீங்காத துணி, ஊசி போட்ட துளை போட்டபடியே நிற்கும். கூடவே பாலியெஸ்டர் நூல் வந்தது. அறுகாது, அழுகாது, வீங்கவும் வீங்காது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயல் எங்களை அடித்துப்போட்டபோது, அந்த வருஷம் புது நூலில் தைத்த ஆட்டோ டாப் அத்தனையும் தையல் வரிசையாகச் சொட்டின. பழைய நூலில் தைத்த ஒன்று நைந்து தொங்கியது, உள்ளே காய்ந்திருந்தது. நைனா அதைக் காட்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்று பாலியெஸ்டர் நடு இழைமேல் பருத்தி சுற்றிய நூல் கிடைக்கிறது, அதைத்தான் வாங்குகிறேன். ஆலையில் செய்கிற டாப்புகளில் சில தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டி வருகின்றன, அவற்றுக்கு நான் தேவையில்லை.

1998இல் திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்யத் தொடங்கியது. தம்பி மகன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்று ஒன்றைப் பார்த்தேன். கூரையில் ஒரு தையல் கிடையாது. அந்த நேரத்தில் ஆட்டோவும் லாரியும் இல்லாவிட்டால் நான் சிப்காட் வாசலில் செக்யூரிட்டி வேலை கேட்டு நின்றிருப்பேன். இப்போது பையன்கள் மறுபடியும் துணி டாப் கேட்கிறார்கள். 2020இல் வந்த மகிந்திராவின் புதுத் தார் ஜீப்புக்குப் பாலைவனத்தின் பெயர். அதற்கும் சிலர் வேறு நிறத்தில் டாப் தைத்துக்கொள்ள வருகிறார்கள், வடகிழக்குப் பருவமழை ஊரில்.

சாயங்காலம் பையன் வந்தான். அவனை உள்ளே உட்கார வைத்து டார்ச்சைக் கொடுத்தேன். விபூதி அவன் ஜீப்பில் வேண்டாமென்று சாக்பீஸ் தூள். கீழேயிருந்து ஊற்றிக்கொண்டே போனேன். தையல் எதுவும் ஒழுகவில்லை. முன் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே தண்ணீர் வழிந்து வெளியேற ஒரு வாய்க்கால் உண்டு, இரு முனையிலும் துளை. ஒன்றை வேப்பஞ்சருகும் ஸ்டீல் மில் தூசும் அடைத்திருந்தன. மற்றதைச் சிலிக்கான். தண்ணீர் போக இடமில்லாமல் நிரம்பி உள்ளே திரும்பியிருந்தது.

"அப்ப நான்தான் அடைச்சேனா அண்ணா?"

"பாதி நீ, பாதி வேப்பமரம்."

கோணி ஊசியால் இரண்டு துளையையும் குத்தி எடுத்தேன். சிலிக்கானைச் சுரண்டத்தான் ஒன்றரை மணி நேரம் ஆனது. அது கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பிறகு எந்தப் பசையும் அந்த இடத்தில் ஒட்டாது. அந்த நேரத்துக்குத்தான் கூலி வாங்கினேன்.