சேவ் பட்டன் இல்லாத திரை

1995-ல் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஊழியர் கடன் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை எனக்குத் தெரிந்தது டிபேஸ். பேரேட்டிலிருந்து ஒரு பதிவை எடுப்போம், அதன் நகலைத் திரையில் காட்டுவோம், திருத்தி முடித்ததும் "சேமிக்கவா?" என்று கேட்போம், ஆம் என்றால்தான் பேரேட்டில் எழுதுவோம். இதற்கே பக்கம் பக்கமாகப் புரோகிராம் எழுத வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 1991-ல் விஷுவல் பேசிக்கைக் கொண்டுவந்தது. பெட்டிகளையும் பட்டன்களையும் மவுஸால் இழுத்து வைத்தே திரையை அமைத்துவிடலாம். அந்த யோசனைக்கு வித்திட்டவர் ஆலன் கூப்பர். ஆனால் கணக்கு வேலைக்காரர்களான எங்களை மயக்கியது 1993-ல் வந்த மூன்றாம் பதிப்புதான். அதில் 'டேட்டா கன்ட்ரோல்' என்று ஒரு பட்டை. அதில் நான்கு அம்புக்குறிகள்: முதல், முந்தைய, அடுத்த, கடைசி. ஒரு பெட்டியை எந்தப் பட்டையோடு, பேரேட்டின் எந்தக் கலத்தோடு சேர்ப்பது என்று சொன்னால் போதும். அம்பை அமுக்க அமுக்க ஒவ்வொருவர் கணக்காக வந்து நிற்கும். இதற்குத்தான் 'டேட்டா பைண்டிங்' என்று பெயர். திரைக்கும் பேரேட்டுக்கும் போட்ட முடிச்சு. ஒருவருக்கு மூன்று பிடித்தம், இன்னொருவருக்கு ஏழு என்றால், புரோகிராம் ஓடும்போதே 'லோட்' கட்டளையால் வேண்டிய பெட்டிகளை உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு மாத வேலையை ஒரே வாரத்தில் முடித்து மார்தட்டிக்கொண்டேன்.

ஆண்டுத் தணிக்கையில் ஒரு கணக்கு உதைத்தது. 12400 ரூபாய் பாக்கி 2400 ஆகியிருந்தது. அந்தத் திரையில் வேலை செய்த மூத்த எழுத்தர் அம்மாவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

"தம்பி, நான் பார்க்கத்தானே செஞ்சேன். சேவ் எதையும் அமுக்கலையே" என்றார்.

எப்படி அமுக்குவார்? நான்தான் சேவ் பட்டனே வைக்கவில்லையே! அன்றிரவு கையேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. பெட்டிக்குள் போனால் கர்சர் எண்ணுக்கு முன்னால் நிற்கும். கை தவறி டெலீட் பட்டால் முதல் இலக்கம் போய்விடும். அம்பை அமுக்கி அடுத்தவர் கணக்குக்குப் போன கணமே, திரையில் இருந்தது யாரையும் கேட்காமல் பேரேட்டில் ஏறிவிடும்.

மறுநாள் 'வேலிடேட்' என்ற இடத்தில் நாலு வரி எழுதி, "சேமிக்கவா?" என்ற பழைய கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தேன். மேலதிகாரியிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம்.

2006-ல் வந்த டபிள்யூபிஎஃப்-ல், முடிச்சு ஒருவழியா இருவழியா என்று புரோகிராம் எழுதுபவரே தீர்மானிக்கலாம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஒருவழியே போதும். அதைப் படித்த அன்று அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மெமோவோடுதான் அவர் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை.

தப்பு அவருடையது அல்ல, என்னுடையது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதிவைக்கிறேன்.