இயற்பெயரின் பொருளும் உறவும்

முன்னுரை

மக்கட் பெயர்க்குப் பொருள் உண்டா என்னும் வினா கேட்டற்கு எளியது, விடையிறுத்தற்கு அரியது. எல்லாச் சொல்லும் பொருளுடையன என்பது தமிழிலக்கணக் கொள்கை. அங்ஙனமாயின், பெற்றோர் இடும் சாத்தன், கொற்றன், ஆதன் முதலிய இயற்பெயர்களும் பொருளுடையனவாதல் வேண்டும். முதுகலை வகுப்பிற் சங்கப் புலவர்தம் பெயர்களைப் பயிற்றுங்கால் மாணாக்கர் முதற்கண் வினவுவது, இப்பெயரின் பொருள் யாது என்பதே. அகராதியைப் புரட்டி ஒரு வேரைக் காட்டிய அளவில் அவர்தம் ஐயம் தீர்ந்துவிடுகின்றது. எம் ஐயமோ அவ்விடத்தேதான் தொடங்குகின்றது.

இயற்பெயரின் பொருள் இருவகைத்து. பெயராகிய சொல் தன்னளவில் உணர்த்துவது ஒன்று. அதனைச் சொற்பொருள் என்போம். அப்பெயரை இட்டவர் யாரை நினைந்து இட்டனர், அது யாரோடு யாரைப் பிணிக்கின்றது என்பது மற்றொன்று. அதனை உறவுப்பொருள் என்போம். சொற்பொருள் காலப்போக்கில் மங்கும். உறவுப்பொருளோ, அவ்வழக்கம் உள்ளவரை உயிரோடிருக்கும். வரலாறு எழுதுவார்க்குப் பெரிதும் பயன்படுவது பின்னதே என்பதைப் பிறநாட்டு வழக்குகளோடு ஒப்புநோக்கி, அவ்வொளியிற் சங்கப் புலவர் பெயர்களைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் விளங்கும் பெயர்கள்

சொற்பொருள் முழுதும் விளங்கி நிற்கும் பெயர்களைப் பண்டை மெசொப்பொத்தாமியாவிற் காண்கிறோம். அக்காதிய மொழியில் ஒருவன் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியமாகும். கி.மு. 605 முதல் 562 வரை பாபிலோனை ஆண்ட நெபுகத்நேசரின் பெயர், 'நபூ என்னும் தெய்வமே, என் வழித்தோன்றலைக் காப்பாயாக' என்னும் வேண்டுகோள். கி.மு. 705 முதல் 681 வரை அசீரியாவை ஆண்ட சென்னாகெரிப்பின் பெயர், 'சின் என்னும் நிலாக்கடவுள் உடன்பிறந்தார்க்கு ஈடு செய்தான்' எனப் பொருள்படும். மகவை இழந்த குடும்பம் பின்னர்ப் பிறந்த மகவைக் கண்டு ஆறுதல் பெற்ற செய்தி இப்பெயருள் அடங்கியுள்ளது. ஈண்டுச் சொற்பொருளே உறவுப்பொருளையும் சுமந்து நிற்றல் காண்க.

ஆயின் எல்லா நாட்டிலும் இந்நிலை நீடிக்கவில்லை. உரோமர்தம் முதற்பெயர்களை நோக்குவோம். குடியரசுக் காலத்தின் இறுதியில் ஆடவர்க்கு வழங்கிய முதற்பெயர்களுட் பெருவழக்கின இருபதுக்கும் குறைவே. அவற்றுள் ஒன்றாகிய குவிந்துஸ் என்பதன் சொற்பொருள் ஐந்தாமவன் என்பது. நாவலராகிய சிசரோவின் (கி.மு. 106–43) தம்பி பெயர் குவிந்துஸ், அவன் ஐந்தாம் மகன் அல்லன். அவன் தன் மகனுக்கும் அப்பெயரையே இட்டான். எண்ணுப்பொருள் முற்றும் மறைந்து, குடும்ப வழக்கு ஒன்றே அப்பெயரை நிலைநிறுத்தியது. சிசரோவின் முழுப்பெயரைக் கல்லில் எழுதுங்கால், மார்க்குஸ் மகன், மார்க்குஸ் பெயரன் என்பவற்றைத் தனியெழுத்துக் குறியீடுகளாற் சுருக்கி நடுவில் வைப்பர். நம்மவர் பெயர்க்கு முன் நிற்கும் தலைப்பெழுத்தை இவ்வழக்கம் நினைவூட்டுகின்றது. பெண்டிர்க்கோ பெரும்பாலும் முதற்பெயரே இல்லை. துல்லியுஸ் குடியிற் பிறந்தமையாற் சிசரோவின் மகள் துல்லியா எனப்பட்டாள். மார்க் அந்தோணியின் மகளிருள் இருவர் அந்தோனியா என்னும் ஒரே பெயருடன் மூத்தவள், இளையவள் என்னும் அடையாற் பிரித்தறியப்பட்டனர். பெயரிடும் முறை ஒரு சமுதாயம் யாரை எவ்வாறு எண்ணியது என்பதற்குச் சான்றாதல் இதனாற் பெறப்படும்.

பாட்டன் பெயர்

கிரேக்கரிடம் பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் மரபு வேரூன்றியிருந்தது. அரிஸ்டாட்டிலின் தந்தை நிக்கோமாக்கஸ், மகனும் நிக்கோமாக்கஸ். சாக்ரட்டீசின் தந்தை பெயராகிய சொப்ரோனிஸ்கஸ் அவர்தம் மைந்தருள் ஒருவர்க்கு இடப்பட்டது. சொற்பொருளும் உறவுப்பொருளும் ஒரே தொட்டிலின்மேல் மோதிக்கொண்டதை அரிஸ்டோபனீஸ் கி.மு. 423-இல் அரங்கேறிய 'மேகங்கள்' என்னும் நாடகத்தில் நகையாக்கினார். சிக்கனக்காரனாகிய உழவன் தன் தந்தையை நினைந்து மகனுக்குப் பெயரிட விழைகின்றான். செல்வக்குடியிற் பிறந்த மனைவியோ குதிரையைக் குறிக்கும் சொல் அமைந்த பெருமைக்குரிய பெயரை விரும்புகின்றாள். வழக்கு நீண்டு, ஈற்றில் இரண்டையும் ஒட்டிப் பெயிதிப்பிதீஸ் என்று ஒரு பெயர் பிறக்கின்றது. சிக்கனமும் குதிரையும் இணைந்த அப்பெயர்க்கேற்ப, மகன் குதிரைப் பித்தனாகித் தந்தையைக் கடனில் ஆழ்த்துகின்றான்.

இதற்கு நேர்மாறானது சீனர் வழக்கு. முன்னோர் பெயரை நாவாற் கூறுதலும் எழுதுதலும் ஆண்டுப் பெரும்பிழையாகக் கருதப்பட்டன. தாங் அரசர் காலத்துக் கவிஞர் லி ஹே என்பார் அரசப் பெருந்தேர்வு எழுத முற்பட்டபோது, தேர்வின் பெயரிலுள்ள ஓர் ஒலி அவர்தம் தந்தை பெயரின் ஒலியோடு ஒத்திருந்தமையாற் பகைவர் தடை எழுப்பினர். பேரறிஞர் ஹன் யூ (கி.பி. 768–824) அவர்க்காகத் தனிக்கட்டுரையே எழுதி வாதிட்டார், எனினும் பயன் விளையவில்லை. கிரேக்கன் தந்தைபால் வைத்த மதிப்பால் அவன் பெயரை மகனுக்கு இட்டான். சீனன் அதே மதிப்பால் அப்பெயரை ஒலியாதும் விடுத்தான்.

இவ்விரு போக்குகளும் தமிழரிடம் ஒருங்கே காணப்படுதல் வியப்பிற்குரியது. மகன் மகனைக் குறிக்கும் பேரன் என்னும் சொல், பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பேத்தி என்பதும் அவ்வாறே. பெயரிடும் வழக்கமே முறைப்பெயராகி நிலைத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மற்றொரு பால், மாமனார் பெயரை மருமகள் வாயாற் கூறலாகாது என்னும் வழக்கமும் தமிழ்க் குடும்பங்களில் இருந்துவந்தது. அப்பெயரைத் தாங்கிய தன் மகனை அவள் வேறொரு செல்லப்பெயரால் அழைத்தாள். ஒரே குழந்தையிடத்துப் பாட்டன் பெயர் நிலைபெறவும் செய்தது. ஒலியாது மறையவும் செய்தது.

தொல்காப்பியம் காட்டும் பெயர்முறை

இனிச் சங்ககாலத் தமிழரின் பெயர்முறைக்கு வருவோம். அக்காலத்து வழங்கிய பெயர்கள் ஏட்டில் மட்டும் காணப்படுவன அல்ல. கொடுமணல் அகழாய்விற் கிடைத்த தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளிற் கண்ணன், ஆதன் என்னும் பெயர்கள் உள்ளன. கீழடியிலும் ஆதன் என்னும் பெயர் கிடைத்துள்ளது. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்காதிமிற் கிடைத்த ஓடுகளிற் கணன், சாதன் என்னும் தமிழ்ப்பெயர்களை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உரோமப் பேரரசின் துறைமுகம் வரை சாத்தன் என்னும் பெயருடையான் ஒருவனது பானை சென்றுள்ளது. புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டோ சேரர் மூவரைத் தந்தை, மகன், மகன்மகன் என நிரல்படக் கூறுகின்றது.

இப்பெயர்கள் சிலவே; அவற்றைத் தாங்கினோர் பலர். சாத்தன் என்றால் எந்தச் சாத்தன்? பூதன் என்றால் எந்தப் பூதன்? இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க மொழி கண்ட வழியைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலில் விதியாக்கினார். அவ்விதிகள் இருவகையின.

மகனைத் தந்தையோடு சார்த்திக் கூறுவது ஒருவகை. தந்தை பெயரின் இறுதியிலுள்ள அன் கெட்டு அம் என்னும் சாரியை தோன்றும். சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார் என்னும் புலவர் பெயரை இவ்விதியாற் பிரித்தால் ஊர், தொழில், தந்தை பெயர், தம் பெயர் ஆகிய நான்கும் புலப்படும். கருவூர்க் கண்ணம்புல்லனார் கண்ணனின் மகனார் புல்லனார். ஈழத்துப் பூதந்தேவனார் பூதனின் மகனார் தேவனார்.

தந்தையை மகனோடு சார்த்திக் கூறுவது மற்றொரு வகை. இயற்பெயர்முன் தந்தை என்னும் முறைப்பெயர் வரின், தகர மெய்யும் இயற்பெயரின் அன் ஈறும் கெட்டுச் சாத்தந்தை, கொற்றந்தை என்றாகும். ஆதன், பூதன் என்பன மேலும் குறைந்து ஆந்தை, பூந்தை என நிற்கும். சாத்தந்தையார், கீரந்தையார், பிசிராந்தையார் என்னும் புலவர் பெயர்கள் இவ்வகையின. மகன் பெயராற் பெற்றோரை வழங்கும் இம்முறை அராபியரிடம் சிறந்து விளங்குவது. நபிகள் நாயகம் தம் மகன் காசிமின் பெயரால் அபுல் காசிம் என வழங்கப்பெற்றமை யாவரும் அறிந்ததே.

ஆந்தை என்பதனை ஆதனைத் தந்தையாக உடையான் எனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது என்க. மக்கள்முறையிற் பெயர் தொகுங்கால் வேண்டும் விதியை ஆசிரியர் தனியே கூறிவிட்டார். அதனின் வேறாகத் தந்தை என்னும் சொல் வருமிடத்துக்கு ஒரு விதி கூறினமையின், பின்னது மகனால் அறியப்படும் தந்தையையே குறித்தல் வேண்டும். ஆந்தை என்பது பிற்பட்டுத் தனிப்பெயராகவே வழங்கியிருத்தலும் கூடும். பூதப்பாண்டியன் பாட்டில் ஆந்தை என்னும் தலைவன் ஒருவன் குறிக்கப்படுகின்றான். ஆயினும் பெயரின் தோற்றம் தந்தைமையே என்பதில் ஐயமில்லை.

பிசிராந்தையார்

இவ்விலக்கணத்தை ஏற்பின், பிசிராந்தையாரின் இயற்பெயரை நாம் அறியோம். பிசிர் என்பது அவர் ஊர். ஆதன் என்பது அவர் மகன் பெயர். ஆர் என்பது உயர்வுச்சொல். அவருக்கு அவர்தம் பெற்றோர் இட்ட பெயர் யாண்டும் இல்லை. நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டார்க்கு விடையாக அவர் பாடிய பாட்டு நாடறிந்தது. அங்கே அவர் முதற்கண் எண்ணுவன மனைவியின் மாண்பும் மக்களின் அறிவு நிரம்பிய நிலையுமே. மகனாற் பெயர் பெற்ற ஒருவர் தம் நல்வாழ்வின் காரணங்களுள் மக்களை முன்வைத்தல், அவர் பெயர்க்கு அவரே எழுதிய உரைபோல் அமைந்துள்ளது.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, ஒருநாளும் நேரிற் காணாத தன் நண்பர்க்கு இடம் ஒதுக்குமாறு வேண்டினான். அவ்வமயம் அவன் பாடிய புறப்பாட்டில் ஒரு செய்தி உளது. பிசிராந்தையாரை யாரேனும் பெயர் வினவின், தம் பெயரைக் கூறாது தம் நண்பனாகிய சோழன் பெயரையே தம் பெயராகக் கூறுவர் என்கின்றான் அவ்வேந்தன். ஊரார் அவரை மகன் பெயரால் அழைத்தனர். அவரோ தம்மை நண்பன் பெயராற் கூறிக்கொண்டார். பெற்றோர் இட்ட பெயர் மறைந்தும், உறவாற் பெற்ற பெயர் இரண்டாயிரம் ஆண்டு நின்றது. சொற்பொருள் ஒன்றையே தேடுவார்க்கு இப்புலவர் பெயரிற் கிடைப்பது ஓர் ஊரும் ஒரு வேர்ச்சொல்லுமே. உறவுப்பொருளைத் தேடுவார்க்கு ஒரு தந்தையும், ஒரு மகனும், ஒரு நண்பனும் கிடைக்கின்றனர்.

ஆய்வாளர் கடன்

பெயரை இழத்தல் ஆளை இழத்தலாகும். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார் போல்வார் தம் பாட்டின் தொடராலேயே இன்று அறியப்படுகின்றனர். அவர் யார் மகன், யார் மகள், எவ்வூரினர் என ஒன்றும் அறியக்கூடவில்லை. காக்கையைப் பாடிய சிறப்பாற் காக்கைபாடினியார் எனப்பட்டவரின் நச்செள்ளை என்னும் இயற்பெயர் உடன் எழுதப்பட்டமையால் எஞ்சியது. ஏடெழுதியவர் ஒரு சொல்லைச் சுருக்கியிருப்பின் அதுவும் மறைந்திருக்கும்.

ஆதலின் இருகடமைகளை வற்புறுத்த விரும்புகின்றோம். முதலாவது, பதிப்பிலும் புலவர் அகரவரிசையிலும் பெயர்ப்புணர்ச்சியைக் காத்தல். எளிமை கருதிச் சேந்தம்பூதனாரைச் சேந்தன் பூதனார் எனப் பிரித்தெழுதுவார் உளர். கண்ணம்புல்லனாரைப் புல்லனார் எனக் குறுக்குவாரும் உளர். முன்னதில் இருவர் ஒருவராகத் திரிபுபட இடமுண்டு. பின்னதில் தந்தை மறைகின்றான். கணிப்பொறியில் அடைவுகள் உருவாகிவரும் இந்நாளில் இத்தகைய பிழை ஒருமுறை புகின் நூறு பட்டியல்களிற் பரவும்.

இரண்டாவது, இக்காலத் தமிழர் பெயர்க்கும் அதே விழிப்பைக் காட்டல். நம் தலைப்பெழுத்து குடிப்பெயரன்று. சேந்தம்பூதனில் நின்ற சேந்தன் ஓரெழுத்தாய்ச் சுருங்கிய வடிவே அது. அயல்நாட்டு முறையைப் பின்பற்றும் நூலடைவுகள் ஈற்றில் நிற்கும் பெயரைக் குடிப்பெயராகக் கொள்ளுதலின், தந்தை பெயரை விரித்துப் பின்னே எழுதியவர்தம் நூல்கள் தந்தை பெயரின்கீழ் அடைக்கப்படுகின்றன. பின்வரும் ஆராய்ச்சியாளர் மகன் எழுதியதைத் தந்தை எழுதியதாகக் கொள்ளவும் இது வழிவகுக்கும்.

மாணாக்கர் இனி ஒரு பெயரின் பொருளை வினவுங்கால், வேர்ச்சொல்லைக் கூறுக. கூறி, அவ்வளவில் நில்லாது, இப்பெயர் யாரை யாரோடு சேர்க்கின்றது என்னும் வினாவை அவரிடமே திருப்பி விடுக்க. ஆதனின் தந்தை யார் என்று தேடப் புகுந்தவன், ஒரு பாட்டை மட்டுமன்றி அப்பாட்டைப் பாடியவர் வாழ்ந்த வீட்டையும் காண்பான்.