மூழ்கும் கல்லும் மூன்று தலைமுறையும்

 

நம் ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்தபோது, மன்னர்களைப் பற்றியும் வள்ளல்களைப் பற்றியும் எழுதவே முதலில் நாடினோம். நம் எண்ணத்தை மாற்றியது ஒரு கல்.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் வெளித்திண்ணையில் நாள்தோறும் அமரும் பெரியவர் ஒருவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். உடல் நலமின்றி அவர் பள்ளிக்கு வராத ஒரு நாளில், நலம் விசாரிக்க அவர் இல்லம் சென்றோம். காற்றில் கதவு அடித்துக் கொள்ளாமல் இருக்கக் கருங்கல் ஒன்றை அண்டை கொடுத்திருந்தார்கள். அதன் தலைப்பில் கயிறு கோக்கும் துளை இருந்தது. வினவினோம். "அது எங்கள் பாட்டனார் முத்துக்குளித்த கல், ஹஜ்ரத். வாப்பாவும் அதைக் கொண்டுதான் இறங்கினார்கள். நானும் அதைக் கொண்டுதான் இறங்கினேன்" என்றார்கள். உள்நாட்டு ஊரில் பிறந்து, மதரஸாவில் ஓதி, கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்த நமக்கு அக்கல் ஒரு பாடமாக அமைந்தது.

தண்டனையாகத் தொடங்கிய தொழில்

மன்னார் வளைகுடாவின் முத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகறிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கைத் துறையில் முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்குவது அன்று அத்தனை கொடிய வேலையாகக் கருதப்பட்டது போலும்!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததையும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்குச் சேர்ந்ததையும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். 1344-இல் இலங்கை வந்த பயணி இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி என்னும் யாழ்ப்பாண அரசரைச் சந்தித்தபோது, அவர் முன் முத்துக்கள் குவிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டதைக் கண்டார். அல்லாஹு தஆலாவும் திருமறையின் 'நஹ்ல்' அத்தியாயத்தில், கடலிலிருந்து கிடைக்கும் அணிகலன்களைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தண்டனை குடும்பத் தொழிலாயிற்று. பரதவர்களும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் தந்தை வழியில் மகன் எனக் கடலில் மூழ்கினர். விரும்பியே மூழ்கினர் என்பதுதான் வியப்பு.

இறங்கும் முறை

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார், சேவல் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் பாய் விரித்துச் செல்லும் படகுகள், பொழுது விடியும்போது பாரை அடையும். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லின் மீது காலூன்றி, விரல்களால் மூக்கைப் பொத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்திற்கு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக் கொள்வார். ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டுக் கயிற்றைச் சுண்டினால், மேலிருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். நண்பகலோடு குளிப்பு முடிந்து, கடற்காற்றில் படகுகள் கரை திரும்பும்.

அக்கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. "தன் தங்கை விதவையாக எந்த மச்சானும் சம்மதிப்பானா, ஹஜ்ரத்?" என்று பெரியவர் சிரித்தார்கள். அவர்களுக்குக் கயிறு பிடித்தவரும் மச்சானே. அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அவர் பெயரைச் சொல்லித்தான் பெரியவர் ஒவ்வொரு துஆவையும் முடிக்கின்றார்கள்.

விளைந்த கடலும் விளையாத கடலும்

முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெறும் ஒன்றன்று. சிப்பி முதிர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அரசு அதிகாரிகள் பாரில் மாதிரி எடுத்து, முத்தின் மதிப்பைக் கணித்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். விளைச்சல் இல்லையெனில் கடல் சும்மா கிடக்கும். இலங்கையில் 1891-க்குப் பின் 1903 வரை சலாபமே இல்லை.

பெரியவரின் பாட்டனார் சென்றது 1905-ஆம் ஆண்டின் மரிச்சுக்கட்டிச் சலாபத்திற்கு. ஆளற்ற மணற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழுந்தது. அரபு நாட்டுக் குளியாளிகளும் வந்திருந்தனர். அவ்வாண்டு எடுக்கப்பட்டவை 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள்! மூன்று குவியலாகப் பிரித்ததில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அரசின் பங்கு ஏலம் போனதில் வந்த தொகை சுமார் 25 லட்சம் ரூபாய்.

இதைக் கண்ட லண்டன் கம்பெனி ஒன்று 1906-இல் அப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. அவ்வாண்டும் 1907-லும் சிப்பிகள் வாரப்பட்டன. அத்துடன் பார்கள் வறண்டன. கம்பெனியும் குத்தகைக் காலம் முடியும் முன்பே கலைந்தது. பேராசை ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. பருவக்காற்றில் புரளும் மணலும், சிப்பியைத் தின்னும் திருக்கை போன்ற மீன்களும் பார்களை அழிப்பதை, 1902-இல் அங்கு ஆய்வு செய்த ஹெர்ட்மன் என்னும் அறிஞர் முன்னரே எழுதியிருந்தார். ஆயினும், இருபது ஆண்டுக் கணக்குப் போட்டவர்களிடம் கடல் இரண்டே ஆண்டுகளில் கணக்கை முடித்துக் கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

காத்திருந்த தந்தை

நம் உள்ளத்தைத் தொட்டது இதற்கு அடுத்த தலைமுறையின் செய்தியே. தூத்துக்குடிப் பகுதியில் 1928-க்குப் பின் 1955 வரை சலாபம் நடைபெறவில்லை. இருபத்தேழு ஆண்டுகள்! ஜப்பானியரின் வளர்ப்பு முத்துக்கள் சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையும் வீழ்ந்தது. பெரியவரின் தந்தையார் அக்காலமெல்லாம் சங்கு குளித்தே குடும்பம் நடத்தினார்கள். மணலில் சங்கு ஊர்ந்து சென்ற தடத்தைப் பார்த்தே அது புதைந்த இடத்தைக் காண்பார்கள். அளவில் சிறிய சங்குகளை உயிருடன் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சங்குக் குளிப்பின் விதி. அதை அரசின் விதியாக மட்டும் அவர்கள் கருதவில்லை. "அது அடுத்தவனுடைய ரிஸ்க்" என்பார்களாம்.

அதே தந்தையார், சலாபமே இல்லாத அக்காலத்தில், பத்து வயது மகனை அக்கல்லின் மீது ஏற்றிக் கடலில் இறக்கிப் பழக்கியுள்ளார்கள். எதற்காக என்று கேட்டோம்.

"நானும் கேட்டேன், ஹஜ்ரத். 'பார் விளையும்போது இறங்க ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது' என்றார்கள்."

1955-இல் பார் விளைந்தது. பதினேழு வயது மகன் தந்தையின் கல்லுடன் இறங்கினார். 1961 வரை சலாபம் தொடர்ந்தது. அதன்பின் இன்றுவரை அங்கு சலாபம் நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிச் சாதனை புரிந்தனர். அது கூடத்தின் முத்து. 1986-இல் இக்கடலின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பகுதியும் தேசியப் பூங்காவாயின. பெரியவரின் மகன் கடல் அட்டை குளித்து வந்தார்; 2001-இல் மைய அரசு அதைத் தடை செய்தது. அவர் வளைகுடா நாடொன்றுக்குப் பயணமானார். "கடல் பிழைக்கட்டும் என்றுதானே தடுக்கிறார்கள், வாப்பா இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் மகனுடைய கை சும்மா இருக்கிறதே" என்றபோது பெரியவரின் குரல் தழுதழுத்தது. இவ்விரண்டும் உண்மையே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நமக்கு மனமில்லை.

நமது கடமை

ஜமாஅத் பெருமக்களே! அக்குடும்பத்தில் எவரும் முத்தால் செல்வந்தர் ஆகவில்லை. மூன்று தலைமுறைகள் கைமாற்றியது ஒரு கல்லையும், மூச்சடக்கும் பழக்கத்தையும், விளையும்வரை பொறுக்கும் மனத்தையும் மட்டுமே. கொற்கைக் கைதி வேறு வழியின்றி இறங்கினான். இவர்களோ இறங்குவதற்காக இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

பார்களின் பெயர்கள், அவற்றை அடையாளம் காணக் கரையில் பார்க்கும் குறிகள், நீரோட்டத்தின் போக்கு ஆகியவை இன்று நம் மஹல்லாவில் சில முதியோரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்கள் வாரம் ஒரு நாள் அம்முதியோரிடம் அமர்ந்து அவற்றை எழுதி வைக்க நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம். பெரியவரின் பேரனார் முதல் ஆளாக எழுத முன்வந்துள்ளார். அவருக்கு இன்னும் நீந்தத் தெரியாது. விடுமுறையில் கற்பிப்பதாகப் பாட்டனார் வாக்களித்துள்ளார்கள்.

அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளையும் உடல் நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.