ஊர்காவற்றுறையை விலத்திப் போன றோட்டு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 ஏறினால் அது பண்ணைக் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று ஓடி, குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நயினாதீவுக்கு லோஞ்சில் கால் மணித்தியாலம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் சனம், நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து வரும் சனம், நெடுந்தீவுக் குதிரை பார்க்க வரும் சனம் எல்லாம் இந்த வழியால்தான் போய் வருகின்றன. அவர்களில் ஊர்காவற்றுறையைக் கண்டவர்கள் மிகக் குறைவு. காண வேண்டிய தேவையில்லாமல் றோட்டு போடப்பட்டிருக்கிறது.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். றோட்டு வேலையில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலுக்குக் குறுக்கே போட்ட இந்தத் தாம்போதிகளின் அணைகல்லைக் கையால் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். ஆகவே இந்த றோட்டைப் பற்றி இரண்டு விதமாகவும் எனக்குச் சொல்ல உண்டு. அது தீவாரின் உயிரைக் காத்த றோட்டு. அதே றோட்டுத்தான் எங்கள் பட்டினத்தை ஒரு மூலையில் தள்ளியது.

அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒரு சிறு பட்டினத்துக்குப் புறவழிச்சாலை திறந்தால் ஊரார் கூடிக் கொண்டாடுவார்களாம். நடுத்தெருவில் லொறி நெரிசல் தீர்ந்தது, பிள்ளைகள் பயமில்லாமல் றோட்டைக் கடக்கலாம் என்று மகிழ்வார்களாம். ஊர்காவற்றுறையோ நெரிசலால் பிழைத்த பட்டினம். துறையில் தோணி மொய்த்தால் கடைத்தெருவில் காசு புழங்கும்.

அது எப்படிப்பட்ட துறை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடலால் இறக்கி, குடாநாட்டைக் குறுக்கே நடத்தி, இந்தப் பக்கத்துத் துறைகளில்தான் கப்பலேற்றினார்கள். வாங்க வந்தவர்கள் வங்காளத்து வியாபாரிகள், கோல்கொண்டா வியாபாரிகள். துறையின் வாயில் கடலுக்கு நடுவே நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயர்களையே எங்கள் தீவுகளுக்கும் சூட்டினார்கள்: வேலணைத்தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். அப்படிச் சூட்டிய பெயர்களில் ஊர் வாயில் நிலைத்தது டெல்ப்ற் ஒன்றுதான், அதுவும் இங்கிலீசில் மட்டும். தமிழில் அது எப்போதும் நெடுந்தீவு.

பிரித்தானியர் காலத்திலும் இந்தத் துறை சோரவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கும், பனை மரம் தமிழ்நாட்டுக் கரைக்கும் தோணியில் போயின. திரும்பி வரும் தோணியில் நெல்லும் அரிசியும் ஓடும் துணியும் வந்தன. எங்கள் அப்பு ஒரு தோணியில் தண்டையல். அவர் வீட்டுச் சுவரில் திசைகாட்டும் பெட்டி ஒன்று தொங்கும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றையும் நாளும் கிழமையும் பார்த்துப் பேசுவார். அவருக்கு யாழ்ப்பாணப் பட்டினம் என்பது எப்போதாவது வழக்கு விஷயமாகப் போகும் இடம். நாகபட்டினம் அவருக்கு அடுத்த வீடு.

அன்றைக்குத் தீவுகள் எல்லாம் முகம் பார்த்தது எங்கள் துறையைத்தான். அனலைதீவான் வத்தையில் வந்து சாமான் வாங்கினான். எழுவைதீவான் வந்து மீன் விற்றான். பொலிஸ், கோடு, ஆஸ்பத்திரி, சுங்கம், புனித அந்தோனியார் கல்லூரி எல்லாம் இங்கே இருந்தன. நாடாளுமன்றத் தொகுதிக்கே ஊர்காவற்றுறை என்றுதான் பெயர். 1947 இல் அல்பிரட் தம்பிஐயா அந்தத் தொகுதியில் வென்றார். 1956 இல் வ. அ. கந்தையா வென்றார். 1963 இல் அவர் காலமானபின் நடந்த இடைத்தேர்தலில் வ. நவரத்தினம் வந்தார்.

முதல் அடி றெயிலால் விழுந்தது. 1905 இல் காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு முழுப்பாதையும் திறந்தபோது, தெற்கே கடலால் போன சரக்கில் பெரும்பங்கு தண்டவாளத்தில் ஏறியது. கொழும்பில் கடை வைத்த தீவார் றெயிலைப் பிடிக்க யாழ்ப்பாணம் போக வேண்டியதாயிற்று. சிங்கள ஊர்கள் தோறும் சைவக் கடை நடத்திய புங்குடுதீவாரும் வேலணையாரும் கையில் நாலு காசு கண்டதும் கேட்டது ஒன்றைத்தான்: யாழ்ப்பாணத்துக்கு ஒரு றோட்டு.

அதைக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருந்தது. பண்ணைக் கடல் ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. ஆனால் வாடைக்காற்றில் அந்த இடுப்பளவு நீரிலும் வள்ளம் கவிழும். பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணை வள்ளத்தில் கிடத்தி, மரக்கோலால் தாங்கித் தாங்கி அக்கரை சேர்ப்பதற்குள் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அராலித்துறைக்கும் வேலணைக்கும் இடையிலும் இதே பாடுதான். புங்குடுதீவில் பெரியவாணர், சின்னவாணர் என்று ஊர் அழைக்கும் அம்பலவாணர் சகோதரர்கள் வேலணைக்குப் பாதை வேண்டுமென்று விடாமல் உழைத்தார்கள். இன்றும் அந்தக் கடல் றோட்டை ஊரார் வாணர் தாம்போதி என்றுதான் சொல்கிறார்கள். திறந்துவைத்த பெரியவர்களின் பெயர் கல்லில் இருக்கும், கேட்டு நின்றவர்களின் பெயர் சனத்தின் வாயில் இருக்கிறது. எங்கள் ஊருக்குத் தீங்கு செய்த றோட்டு அது என்றாலும் அந்த இரு சகோதரர்களையும் நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

தாம்போதி கட்டும் விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு ஓரமும் கல்லடுக்கி அணை எழுப்பி, நடுவில் கல்லும் மண்ணும் நிரப்பி, அமர விட்டு, மேலே கல் பரப்பித் தார் ஊற்றுவார்கள். கரையிலிருந்து தொடங்கி, போட்ட றோட்டின் மேலேயே லொறி போய் அடுத்த லோட்டைக் கொட்டும். அதில் கஷ்டமான வேலை நிரப்புவதில்லை, எங்கே திறந்து விடுவது என்று தீர்மானிப்பது. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். அதற்கு வாய் வைக்காவிட்டால் அணையின் அடிக்கல்லை அரித்து அது தானே வாய் வைத்துக்கொள்ளும். மதகும் பாலமும் கூடினால் செலவு கூடும். குறைந்தால் நீரோட்டம் குறுகி, ஒரு பக்கம் சேறு படியும், சாதாளை அழுகும், இறாலும் மீனும் வரும் வழி மாறும்.

பண்ணையில் இறங்கி ஒரு பாலத்தின் வாயில் பாருங்கள். வற்று நேரம் நீர் அந்த வாயால் இரைந்துகொண்டு ஓடும். பக்கத்துச் சேற்றில் பாசி படர்ந்த கல் வரிசை தெரியும். சற்றுத் தள்ளிக் களங்கண்டியும் சிறகுவலையும் தடி நட்டு வரிசை வரிசையாக நிற்கும். மீன்காரர் தங்கள் வலையை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் நீர் எங்கே ஓடுகிறது என்பது விளங்கிவிடும். தாம்போதி வந்தபின் அவர்களின் பாட்டன்மார் நட்ட இடங்கள் சில செத்தன, சில புதிதாய் உயிர்த்தன. ஒரு மதகைப் புதுப்பிக்கும் வேலையில் நான் நின்றபோது ஒரு கிழவர் வந்து, “தம்பி, இந்த வாயை ஒரு முழம் அகட்டி விடு மோனை, எங்கட பக்கம் தண்ணி வருகுதில்லை” என்று கேட்டார். வரைபடத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அந்த ஒரு முழம் எவ்வளவு பெரிய கேள்வி என்பது மட்டும் அன்றைக்கு விளங்கியது.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் மேற்பூச்சு வெடித்து விழும். தரையில் போடும் பாலத்தை நம்பியிருப்பதுபோல் கடலில் போட்ட பாலத்தை நம்பியிருக்க முடியாது. சோளகம் முடிய ஒரு தடவை, வாடை முடிய ஒரு தடவை அடிக்கல்லைப் பார்க்க வேண்டும். பார்க்க ஆளும் காசும் இல்லாத ஆண்டுகளில் வாணர் தாம்போதி பல்லுப்போன வாய் மாதிரிக் கிடந்தது. எதிரே பஸ் வந்தால் சைக்கிள்காரன் இறங்கிக் கல்லோரம் ஒதுங்கி நிற்பான்.

பண்ணைத் தாம்போதியும் வாணர் தாம்போதியும் வந்தபின் தீவுப்பகுதியின் திசையே மாறியது. வேலணையில் றோட்டு பிரிகிறது. ஒரு கிளை புங்குடுதீவால் குறிகட்டுவானுக்குப் போகிறது, மற்றது நாரந்தனை, கரம்பொன் என்று ஊர்காவற்றுறைக்கு வந்து கடலில் முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஏறுதுறை குறிகட்டுவான் ஆயிற்று. எங்களிடம் மிஞ்சியது அனலைதீவும் எழுவைதீவும். இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளைப் பார்த்தாலும் அதே கோடுதான்: புங்குடுதீவும் நயினாதீவும் வேலணையோடு, அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையோடு, நெடுந்தீவு தனியாக. ஒரு காலத்தில் கடலுக்கு முன்வாசலாக இருந்த பட்டினம் ஒரு பஸ்ஸின் கடைசித் தரிப்பிடமாயிற்று. என் ஐயா கடைத்தெருவில் நின்று, “இனி இஞ்சை வாறவன் இஞ்சை வரத்தான் வருவான், வேறை எங்கையும் போக வரமாட்டான்” என்று சொன்னது நினைவிருக்கிறது. வழிப்போக்கரால் வாழ்ந்த தேத்தண்ணீர்க் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகை போட்டன.

றோட்டு முடிகிற குறிகட்டுவானுக்கு அப்பால் சனம் இன்னும் கடலுக்குத்தான் கையளிக்கப்பட்டிருக்கிறது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கடற்படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லாமல் தீவுப் போக்குவரத்தின் வரலாற்றை எழுத எனக்கு மனம் வராது. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் உத்தியோகத்துக்கும் போக அந்தச் சனத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிறகு பண்ணையும் மூடியது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியது. செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையை விட்டு வெளியேறியது. அதன்பின் 1995 முடிவில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வரும்வரை தாம்போதியின் ஒரு முனை ஒருவரிடம், மறுமுனை மற்றவரிடம். பாட்டன்மார் மரக்கோலால் கடந்த கடலைப் பேரன்மார் றோட்டு இருந்தும் கடக்க முடியவில்லை. தீவுச் சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. பின்னர் பலர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்களுக்காகப் போர் முடிந்தபின் பண்ணை றோட்டு அகலமாகிப் புதுத் தார் கண்டது. மாலையில் பட்டினத்துச் சனம் இப்போது அங்கே காற்று வாங்க வருகிறது. பாலத்தில் நின்று பொடியள் தூண்டில் போடுகிறார்கள். பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஊர்காவற்றுறைக்கு என்ன செய்யலாம் என்பதற்கு விடை எங்கள் கண்முன்னேயே கிடக்கிறது. துறையில் நின்றால் காரைதீவாகிய காரைநகர் தெரிகிறது. நடுவில் ஒரு சிறு கடல், அதில் ஹமன்ஹீல் கோட்டை. மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு “பாதை” என்று நாங்கள் சொல்லும் மிதவை அங்கும் இங்கும் ஓடுகிறது. காரைநகருக்கும் பொன்னாலைக்கும் தாம்போதி பிரித்தானியர் காலத்திலேயே போட்டாயிற்று. இந்த ஒரு துண்டுக் கடலில் பாலம் வந்தால் யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், பொன்னாலை, திரும்ப யாழ்ப்பாணம் என்று வட்டம் முடியும். ஊர்ச்சனம் நெடுங்காலமாய்க் கேட்பது இதைத்தான். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது பூநகரிக்கு வாழ்வு வந்ததைக் கண்ட பிறகு அந்தக் கேட்பு இன்னும் உரத்தது.

ஓவசியர் என்ற முறையில் என் கேட்பு இரண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கல்லும் மண்ணும் நிரப்பித் தாம்போதி போடக் கூடாது. அது ஆழமான வாய்க்கால், அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளின் வழி. தூண் நிறுத்தி, றோலர் படகு தலை குனியாமல் போகும் உயரத்தில் பாலம் எழ வேண்டும். அடுத்தது, அக்கரையிலிருந்து இறங்கும் றோட்டு ஊர்காவற்றுறைக் கடைத்தெருவுக்குள் வர வேண்டும். வெளியால் ஒரு புதுத் தெரு வெட்டி, ஹோர்ன் அடிக்காமல் நேரே வேலணைக்குப் போக வழி விட்டால், பாலத்துக்குச் செலவழித்த காசில் எங்கள் பட்டினத்துக்கு ஒரு சதமும் சேராது.