தவணை முடியாத வண்டியை மாற்றுதல்: ஒரு சிறு வரலாறு

சென்ற வாரம் புணேயில் இருக்கும் என் பெரியப்பா மகன் ஒரு தாளின் படத்தை அனுப்பியிருந்தார். கார் விற்பனையகம் தந்த மதிப்பீட்டுத் தாள். ‘எச்.பி.’, ‘ஃபோர்குளோஷர்’, ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்ற மூன்று சொற்களை வட்டமிட்டு, “நீ மொழியியல் படித்திருக்கிறாயே, இதற்கெல்லாம் என்ன பொருள் என்று சொல். வண்டியை மாற்றுவதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்” என்று எழுதியிருந்தார்.

அண்ணன் அந்தச் சிறிய காரை வாங்கிப் பதினான்கு மாதங்களே ஆகின்றன. இதற்கிடையில் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. தாழ்வான அந்த வண்டியில் ஏறி இறங்க அவரால் இயலவில்லை. இருக்கை உயரமான வேறு வண்டி வேண்டும் என்பது ஆடம்பர ஆசையன்று, உண்மையான தேவை. ஆகவே ‘இருப்பதே போதும்’ என்ற பொது அறிவுரை அவருக்கு உதவாது. அந்த மூன்று சொற்களின் வரலாற்றைத் தேடிப்போனபோது, கேள்வியே வேறு வடிவம் கொண்டது. அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

1. வண்டி ‘ஃபைனான்ஸில்’ இருக்கிறது

தமிழ்ப் பேச்சுவழக்கில் ஒரு வேடிக்கையான தொடர் உண்டு: “வண்டி ஃபைனான்ஸில் இருக்கு.” வண்டி நிற்பதோ நம் வீட்டு வாசலில். ஆனால் இட வேற்றுமை உருபு அதை வேறோர் இடத்தில் நிறுத்திவிடுகிறது. நகையை அடகு வைத்தால் அது கைவிட்டுப் போகிறது. இழந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதன்மேல் உரிமையை மட்டும் ஈடாகக் கொடுக்கும் முறை வேறு. கிரேக்கத்தில் அதற்கு ‘ஹைப்போதீக்கே’ என்று பெயர். ‘கீழே வைத்தல்’ என்பது சொற்பொருள். ரோமானியச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. குத்தகை உழவன் தன் கருவிகளைக் கொடுத்துவிட்டால் உழவே நடக்காது, குத்தகையும் வராது. இன்று நம் கார்க் கடன் ஆவணங்களில் வரும் ‘ஹைப்பாதிகேஷன்’ அந்தச் சொல்தான்.

ஆனால் அண்ணனின் தாளில் இருந்தது ‘எச்.பி.’. அது ‘ஹயர் பர்ச்சேஸ்’, அதாவது வாடகைக் கொள்முதல் என்பதன் சுருக்கம். அவர் வாங்கியிருப்பது வங்கிக் கடன். வாடகைக் கொள்முதல் அன்று. எனினும் பதிவுச் சான்றில் கடன் குறிப்பை நீக்குவதை இன்றும் ‘எச்.பி. கேன்சல்’ என்றுதான் சொல்கிறோம். சட்ட உறவு மாறியபிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2. ஒரு பியானோ வழக்கு

வாடகைக் கொள்முதலின் சட்ட அடித்தளம் இங்கிலாந்தின் இரண்டு வழக்குகளில் இருக்கிறது. 1893இல் லீ எதிர் பட்லர் வழக்கு. தவணையில் அறைகலன்களைப் பெற்ற ஒருவர், தவணை முடியுமுன் அவற்றை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அவர் ‘வாங்க ஒப்புக்கொண்டவர்’ என்பதால், அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கே உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகர்களுக்கு இது பேரதிர்ச்சி. 1895இல் ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கு. 36 மாத வாடகைக்குப் பியானோ பெற்ற ஒருவர் அதை அடகுக்கடையில் வைத்துவிட்டார். ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில், எப்போது வேண்டுமானாலும் பியானோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம் என்றிருந்தது. வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அவர் வாங்குபவர் அல்லர், வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே என்று பிரபுக்கள் சபை கூறியது. பியானோ உரிமையாளரிடம் திரும்பியது.

கவனியுங்கள்: தவணை முடியாத பொருளைக் கைமாற்ற முடியுமா என்ற கேள்வியிலிருந்தே இந்தச் சட்டப்பிரிவு வளர்ந்திருக்கிறது. அண்ணனின் கேள்விக்கு 130 ஆண்டு வயது.

இந்தியாவில் லாரி, பேருந்து உரிமையாளர்களை உருவாக்கியதில் வாடகைக் கொள்முதலுக்குப் பெரும் பங்குண்டு. 1954இல் சென்னையில் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் அதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1966இல் அந்நிறுவனத்துக்கும் கேரள மாநிலத்துக்கும் இடையிலான விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெயரைத் தாண்டி உள்ளடக்கத்தைப் பார்த்தது. தாளில் வாடகைக் கொள்முதல் என்றிருந்தாலும், நடந்தது வண்டியை ஈடாகக் கொண்ட கடனே என்றது. நாடாளுமன்றம் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. அது ஒருநாள்கூட நடைமுறைக்கு வராமல் 2005இல் நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, ‘எச்.பி.’ என்ற இரண்டெழுத்து நிலைத்துவிட்டது.

3. பன்னிரண்டு மாதக் கடனுக்குச் செய்த ஏற்பாடு

‘எக்ஸ்சேஞ்ச்’ வேறொரு நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டி காரை அறிமுகப்படுத்தினார். கடனில் விற்பது அவருக்குப் பிடிக்காது. 1923இல் அவர் கொண்டுவந்த திட்டம்கூட வாரந்தோறும் பணம் சேமித்து, முழு விலையும் சேர்ந்தபின் வண்டி எடுக்கும் திட்டம்தான். எதிரணியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1919இலேயே தனக்கென ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. மக்கள் காத்திருக்க விரும்பவில்லை. 1927இல் மாடல் டி உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டே ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்கினார்.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன் தம் நினைவுநூலில், 1920களில் கார்ச் சந்தையை மாற்றியமைத்தவை நான்கு என்கிறார்: தவணை விற்பனை, பழைய காரை ஏற்றுக்கொள்ளுதல், மூடிய கூரை வண்டி, ஆண்டுதோறும் புதிய மாடல். முதல் கார் வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்த சந்தை அது. இனி அவர்களையே மீண்டும் வாங்கவைக்க வேண்டும். பழைய கார் புதிய காருக்கு முன்பணமாகும் என்பதே ஏற்பாடு.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்நாளைய வழக்கமான கடன் நிபந்தனை, விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி பன்னிரண்டு மாதத் தவணை. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓட்டியபின் ஒருவர் விற்பனையகத்துக்கு வரும்போது பழைய கடன் முடிந்திருக்கும். வண்டியின் மதிப்பு முழுவதும் அவருடையது. அது முன்பணமாவது இயல்பு. நம் காலத்திலோ கடன் 84 மாதம்வரை நீண்டுவிட்டது. புதிய மாடல் வரும் வேகம் குறையவில்லை. பன்னிரண்டு மாதக் கடனுக்குச் செய்த ஏற்பாட்டை ஏழாண்டுக் கடன்மேல் பொருத்தினால், பழைய வண்டி முன்பணமாவதற்குப் பதில் பழைய கடன் புதிய கடனுக்குள் நுழைகிறது.

4. பெரியப்பாவின் நினைவு

குடும்பத்தில் பெரியவர்கள் மாற்றிவிடச் சொன்னதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. “நல்ல வண்டிக்கு நஷ்டமே வராது” என்றார் பெரியப்பா. அவர் இளமையில் கண்ட ஃபியட், அம்பாசிடர் காலத்தில் அது உண்மை. உற்பத்திக்கு உரிமம், விலைக்கு அரசுக் கட்டுப்பாடு, முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. வாங்கிய மறுநாளே வாங்கிய விலையைவிட அதிகம் தர ஆள் இருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் வரிசை நீளமாகவே இருந்தது. 1993இல் பயணிகள் கார்த் தொழிலுக்கு உரிமம் வேண்டாம் என்றானது. போட்டியும் வங்கிக் கடனும் பெருகின. காத்திருக்கும் வரிசை கரைந்ததும், புதிய வண்டி வாசலுக்கு வந்த நாளிலிருந்தே விலை இறங்கும் பொருளாயிற்று. பெரியப்பாவின் சொல் பொய்யன்று. அதன் காலம் முடிந்துவிட்டது.

5. தலைகீழான ஒரு சொல்

மூன்றாவது சொல் ‘ஃபோர்குளோஷர்’. ‘முன்னதாக மூடுதல்’ என்று பிரித்துப் பொருள் கொள்கிறோம். கடனைக் காலத்துக்கு முன்பே கட்டி முடிப்பது என்றே இந்திய வங்கிகளும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் மூலம் பழைய பிரெஞ்சு. அங்கே முன்னொட்டின் பொருள் ‘வெளியே’. ‘வெளியே நிறுத்திக் கதவடைத்தல்’ என்பது முழுப்பொருள். கடன்பட்டவர் சொத்தை மீட்கும் உரிமையைக் கடன் கொடுத்தவர் வழக்காடி அடைத்துவிடுவதே ஆங்கிலச் சட்டத்தில் ஃபோர்குளோஷர். நம் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும் அதே பொருள்தான். ஒரே நாட்டில் ஒரே சொல் சட்டநூலில் கடன் கொடுத்தவரின் ஆயுதமாகவும், வங்கி முகப்பில் கடன் வாங்கியவரின் சலுகையாகவும் வழங்குகிறது. சலுகைபோலத் தோன்றுவதால் அதற்கொரு கட்டணம் இருப்பது கண்ணில் படுவதில்லை.

6. இனிக் கணக்கு

அண்ணனின் வண்டி சாலைக்கு வரும்போது விலை 10,50,000 ரூபாய். முன்பணம் 1,50,000, கடன் 9,00,000. வட்டி 9.5 விழுக்காடு, 84 தவணைகள். மாதம் ஏறத்தாழ 14,710. பதினான்கு தவணைகளில் அவர் கட்டியது சுமார் 2,06,000. அதில் வட்டிக்கே சுமார் 94,000 போய்விட்டது. அசலில் பாக்கி சுமார் 7,88,000. போனஸையும் சேர்த்து விற்பனையகம் தர முன்வந்தது 7,40,000. குறைவு 48,000. முன்கூட்டி முடிக்க ஒப்பந்தப்படி 3 விழுக்காடு கட்டணம், வரி நீங்கலாகச் சுமார் 24,000. ஆக 72,000 ரூபாய் கையிலிருந்து கொடுத்தால்தான் பழைய உறவு அறுபடும். “அதைப் புதுக் கடனில் பார்த்துக்கொள்ளலாம் சார்” என்றாராம் விற்பனையாளர். அவர் தம் வேலையைச் செய்கிறார். ஆனால் அப்படிப் ‘பார்த்துக்கொண்டால்’, விற்றுவிட்ட வண்டிக்கு இன்னும் ஏழாண்டு வட்டி கட்ட நேரும். முதல் வண்டிக்குக் கட்டிய சாலை வரியையும் புதிய வண்டிக்கு மறுபடி கட்ட வேண்டும்.

கணக்குக்கு அப்பால் சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றிப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்ற முடியாது. கடன் முடிந்ததும் இருவரும் ஒப்பமிட்ட படிவம் 35 வேண்டும். பெயர் மாறாத இடைவெளியில் விபத்து நேர்ந்தால், பதிவில் இருக்கும் பெயருக்கே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய வண்டி வணிகர்களுக்கு அதிகாரச் சான்று வழங்கி, ஒப்படைத்த வண்டிக்கு அவர்களைப் பொறுப்பாக்கும் விதிகள் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. எனவே யாரிடம் ஒப்படைத்தாலும் அந்தச் சான்றைக் கேட்பதும், கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கையில் வாங்குவதும் அவசியம்.

7. முடிவு

இத்தனையும் சொன்னபின் அண்ணனிடம் ஒன்றைக் கேட்டேன். “மாற்றலாமா என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு என்ன தேவை? பழைய கடன் எவ்வளவு? புதிய வண்டி என்ன விலை? ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற சொல் மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தருகிறது. பிரித்துப் பார்த்தீர்களா?”

அவர் பிரித்துப் பார்த்தார். பெரியம்மா வாரம் இருமுறை இயன்முறைச் சிகிச்சைக்குப் போக வேண்டும். உயரமான வாடகை வண்டிக்குப் போய்வர 600 ரூபாய். 72,000 ரூபாயில் 120 முறை போய்வரலாம். ஓராண்டுக்கும் மேல் வரும். அதற்குள் அவர் ஓரளவு நடக்கத் தொடங்கிவிடுவார் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடக்க முடியாவிட்டால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். 36ஆம் தவணைக்குள் பாக்கி சுமார் 5,85,000 ஆக இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் விற்பனையகத்துக்குப் போகவில்லை. திங்கட்கிழமை முதல் சவாரிக்குப் பெரியம்மா முன் இருக்கையில் உட்கார்ந்த படம் வந்தது. ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1950, 60களில் லாரிக்கோ பேருந்துக்கோ தமிழில் எழுதப்பட்ட தவணை ஒப்பந்தம், கடன் சீட்டு எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள். ‘வாங்கியவர்’ என்று எழுதினார்களா, ‘வாடகைக்கு எடுத்தவர்’ என்று எழுதினார்களா என்று பார்க்க வேண்டும்.