புக்கிட் மேரா சொல்லும் நம்பிக்கைக் கதை



‘நாளைய பூமி நமக்கு நம்பிக்கை தருமா?’ என்பதுதான் இன்றைய கேள்வி. என் பங்குக்கு ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பருவநிலை மாற்றம் என்றால், தொலைக்காட்சியில் இருக்கும் நாங்கள் வெள்ளத்தையும் புகைமூட்டத்தையும் காட்டி, பின்னணியில் சோக இசையைப் போட்டுவிடுகிறோம். பார்க்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

இந்தப் பயத்துக்கு மாற்றாக, உலகில் சில எழுத்தாளர்களும் ஓவியர்களும் ‘சோலார்பங்க்’ என்ற பெயரில் வேறு வகைக் கதைகளைச் சொல்கிறார்கள். 2012-இல் பிரேசிலில் இப்பெயரில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. சூரிய சக்தியில் இயங்கும் ஊர், கூரை மேல் காய்கறித் தோட்டம், எல்லாருக்கும் பொதுவான நிலம், கூடிப் பேசி முடிவெடுக்கும் மக்கள். இவையே இக்கதைகளின் உலகம்.

“பேராக்கில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அப்படிப்பட்ட கதையின் இரண்டு அத்தியாயங்கள் நம்மோடு தொடர்புடையவை. அவை கற்பனையும் அல்ல.

முதல் அத்தியாயம் ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, “மாதம் 10 வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்” என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால்மரம் வெட்டிய கைகள் நிலத்தில் பங்குதாரர் ஆயின. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. பல தோட்டங்கள் பின்னர் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிப்போயின. ஆனாலும் ஏழைகள் சேர்ந்து நிலம் வாங்க முடியும் என்பது அன்றே நிரூபணமானது.

முதல் அத்தியாயத்தில் மக்கள் சேர்ந்து வாங்கினார்கள். இரண்டாவதில் சேர்ந்து மறுத்தார்கள். அது ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் நடந்தது.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற ‘அமாங்’ கழிவு மணலில் அரிய மண் தாதுக்கள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனமும் அதில் பங்குதாரர். 1982-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. இட்ரியம் என்ற அரிய மண் உலோகம் அன்றைய வண்ணத் தொலைக்காட்சித் திரையின் சிவப்பு நிறத்துக்குத் தேவைப்பட்டது. இதைப் படித்தபோது, தொலைக்காட்சிக்காரியான எனக்குச் சற்று உறுத்தியது. இந்தத் தாதுக்களைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

1984-இல், கழிவைப் புதைக்க இருந்த இடத்தை எதிர்த்துப் பாப்பான் பட்டண மக்கள் மறியல் செய்தார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் கிராமத்தார் சார்பில் ஈப்போ உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஜப்பானிலிருந்தே ஆய்வாளர் சடாவோ இச்சிகாவா வந்து கதிர்வீச்சை அளந்து, அது அளவுக்கு மீறியது என்றார். நிறுவனம் ஆபத்து இல்லை என்றே வாதிட்டது. விசாரணையின்போது மக்கள் கிராமத்திலிருந்து நீதிமன்றம் வரை நடந்தே வந்தார்கள்.

புக்கிட் மேரா பெரும்பாலும் சீனர்கள் வாழும் கிராமம். ஆனால் அவர்களுக்காக வாதாடியவர்களில் வழக்கறிஞர் எம். சிவலிங்கமும் மீனாட்சி ராமனும் இருந்தார்கள். எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. 1987 அக்டோபரில் ‘ஓப்ஸ் லாலாங்’ நடவடிக்கையில் போராட்டக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும் மீனாட்சி ராமனும் தடுத்து வைக்கப்பட்டார்கள். அப்போதும் வழக்கு நிற்கவில்லை.

1992 ஜூலை 11-இல் ஆலையை மூடும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. இடத்தைச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதாகச் சொல்லப்பட்டது. கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது. அது என்றென்றும் காவல் காக்கப்பட வேண்டிய புதையல்!

இந்தப் பழைய கதையை இன்று ஏன் சொல்கிறேன்? காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் இன்று அதே அரிய மண் தேவைப்படுகிறது. 2022-இல் நமது ஹூலு பேராக்கின் கெனெரிங்கில் அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அங்கே மண்ணும் வேறு, முறையும் வேறு. அதைப் புக்கிட் மேராவோடு ஒப்பிட்டுப் பீதி கிளப்புவது நியாயமாகாது. ஆனால் கேள்வி அதேதான். பூமியைக் காக்கும் தொழில் என்றாலும், பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேட்டார்களா? கழிவு எங்கே போகிறது? கேட்காமல் கட்டப்படும் பசுமை உலகம் யாரோ ஒருவரின் கிணற்றடியில்தான் கட்டப்படும்.

ஈப்போ பழைய நகருக்குப் போனால், எர்னெஸ்ட் சக்கரேவிச் 2014-இல் வரைந்த சுவரோவியங்களைப் பார்க்கலாம். காப்பி குடிக்கும் தாத்தாவோடு படம் எடுத்துக்கொள்ளாதவர் யார்? அதே ஓவியர் 2018-இல் சுமத்ராவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மரங்களை அகற்றி, வானிலிருந்து தெரியும்படி ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற அபாய எழுத்தை உருவாக்கினார். ஓவியம் அங்கே போராட்டமாகவும் ஆனது.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் ‘2050-இல் நம் ஊர்’ என்று வரையச் சொல்லுங்கள். பறக்கும் காரை வரைவதற்கு முன், 10 வெள்ளி சேர்த்த பாட்டியின் கதையையும், நீதிமன்றத்துக்கு நடந்த கிராமத்தின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். அந்தப் படத்தில் மனிதர்களும் வருவார்கள்.